அவளுக்கு மட்டும் கேட்ட விசில்

வேனில் ஏறியதுமே சொல்லிவிட வேண்டும் என்று அவள் வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்திருந்தாள். தள்ளிப்போட்டால் தைரியம் கரைந்துவிடும். ஆனால் சொல்வதற்கு முதலில் உட்கார வேண்டும், உட்கார இடம் வேண்டும். பின்னால் டிரம்ஸ் பெட்டிகள், நடுவில் ஸ்பீக்கர்கள், மிச்சம் மீதி இருந்த இடத்திலெல்லாம் ஒயர் அண்ணனின் ஒயர்கள். தன் பாஸ் கிளாரினெட் பெட்டியை மடியில் தூக்கி வைத்து, காலைச் சுற்றிய ஒயரை உதறிவிட்டு அவள் நிமிர்வதற்குள் வண்டி பெரிய சாலைக்கு வந்துவிட்டது.

“அண்ணே, இன்னிக்குத்தான் கடைசி” என்றாள்.

“எது கடைசி?” என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒயர் அண்ணன்.

“நான் வாசிக்கிறது. இன்னிக்கு நிகழ்ச்சியோட நின்னுக்கிறேன்.”

சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்த பல் டாக்டர் கழுத்தைத் திருப்பி, “என்னக்கா, காலங்காத்தால விளையாடறீங்களா?” என்றார்.

“இல்ல டாக்டர். பள்ளிக்கூடத்துல வேலை ஜாஸ்தியாயிடுச்சு.”

அவள் பூகோள டீச்சர். மலையும் நதியும் போன வருஷம் இருந்த இடத்தில்தான் இந்த வருஷமும் இருக்கின்றன. புதிதாக என்ன தலைபோகிற வேலை வந்துவிட்டது என்று இரண்டு பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஒயர் அண்ணன் கியரைப் போட்டு, நிகழ்ச்சி நடக்கிற நூலகத்தைப் பார்த்து வண்டியை நகர்த்தினார்.

இந்த மூன்று பேரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பது பெரிய கதை, அது கிடக்கட்டும். ஒயர் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. வாழ்நாளெல்லாம் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி காய் நறுக்கச் சொல்வாள் என்ற பயத்தில், பழைய மிக்ஸர்களையும் ஒரு லேப்டாப்பையும் கோத்து ஒரு மெஷின் செய்தார். யார் எதை வாசித்தாலும் அதை அந்த நொடியிலேயே பிடித்து, இழுத்து, நறுக்கி, தலைகீழாக்கி ஸ்பீக்கரில் திருப்பி விடும். பல் டாக்டர் வாரம் முழுக்க அடுத்தவர் வாயைக் குடைபவர். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸைப் போட்டு உதைத்தால்தான் திங்கட்கிழமை நோயாளிகளிடம் சிரிக்க முடிகிறது என்பார். அவள் ஊதுவது பாஸ் கிளாரினெட். தரையில் ஊன்றி வாசிக்கிற நீளக் கருப்புக் குழல், அடியில் வளைந்த வாய். அடி சுரத்தில் ஊதினால் நாற்காலி அதிரும்.

மூவரும் வாசித்தது ஃப்ரீ ஜாஸ். எழுதி வைத்த மெட்டு கிடையாது, தாளக்கட்டு கிடையாது, ஒத்திகை கிடையாது. வீட்டிலிருந்து எதையும் தயார் செய்து கொண்டுவரக் கூடாது. அந்த அறையில் எது காதில் விழுகிறதோ அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒயர் அண்ணன் போட்ட ஒரே சட்டம் இதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சி முடிந்துவிடும். போகட்டும், அவர்கள் பாடு. வாசிக்கிறவர்களுக்கு மட்டும் விரலைவிட, மூச்சைவிட, காதுதான் இதில் முதல்.

அந்தக் காதுதான் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் விழிப்பு வந்தபோது, தலைக்குள் யாரோ மெல்லிசாக விசில் அடிப்பது கேட்டது. ஊசி முனை அளவு சத்தம், ஆனால் அவ்வளவு உயரம். தொடர்ந்து ஒரே சுரத்தில் போகும், நடுநடுவே மூச்சுத் தடுக்கின மாதிரி ஒரு விக்கல், மறுபடி போகும். கணவரை எழுப்பி, “உங்களுக்கு ஏதாவது கேக்குதா?” என்றாள். அவர் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். “காக்கா கத்துது” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

அன்று முதல் அது அவளை விடவில்லை. வீடு அமைதியானால் போதும், வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசிக்கப் போகிற இடத்திலும், எல்லாரும் வாயை மூடினால், வந்துவிடும். தெருவில் கேட்காது, வகுப்பறையில் கேட்காது. அங்கே இடி விழுந்தாலே கேட்காது. ஒருநாள் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றபோது, அவ்வளவு அமைதியில்கூட விசில் இல்லை என்று பட்டது. காப்பி அடிக்கிறவர்களைப் பிடிக்கிற மும்முரத்தில் நமக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்துபோன மனசுக்கு நல்ல சேதி சொன்னால் நம்பத் தெரியாது.

ஒரு தடவை பல் டாக்டரிடம் பூடகமாகக் கேட்டாள். “டாக்டர், காதுல எப்பவும் விசில் அடிச்சா அது என்ன?”

“யாருக்கு?”

“என் நாத்தனாருக்கு.”

“நான் பல்லு பாக்கறவன்கா. ஆனா பொதுவா, சத்தத்துலயே இருக்கிறவங்களுக்கு வரும். வந்தா போகாதும்பாங்க. இருக்கிற காதையாவது காப்பாத்திக்கணும்னா சத்தத்தை விட்டு விலகணும். நல்ல காது டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

காது டாக்டரின் கிளினிக் வாசல்வரை இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினாள். அவர் வாயால் சொல்லாதவரை அது உண்மையாகாது என்று ஒரு எண்ணம். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற டீச்சர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், டீச்சர்கள்தான் இப்படிச் செய்வார்கள். வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் ரேடியோ, சாப்பிடும்போது ரேடியோ, படுத்தால் தலைமாட்டில் ரேடியோ. கணவர் ஏதாவது பேச வாயெடுத்தால், அவர் நிறுத்துகிற இடைவெளியில் விசில் நுழைந்துவிடுமே என்று இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினாள்.

வாசிப்பும் மாறிப்போயிற்று. முன்பெல்லாம் ஒரு சுரத்தை ஊதிவிட்டு, அது சுவரில் பட்டு அடங்கும்வரை காத்திருப்பாள். அந்த இடைவெளியில்தான் ஒயர் அண்ணன் புகுந்து விளையாடுவார். இப்போது அவள் இடைவெளியே விடவில்லை. விட்டால் விசில். அதனால் மூச்சு முட்ட ஊதினாள், சுரத்தின் மேல் சுரமாகக் கொட்டினாள். “கொஞ்சம் மூச்சு விட்டு வாசிம்மா, எனக்கும் இடம் குடு” என்று ஒயர் அண்ணன் ஒருமுறை சொன்னார். அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டார். மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

கேட்காமல் வாசிக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. ஏமாற்று வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்ற வெட்கம்தான் விசிலைவிட அதிகமாக அவளை அரித்தது. போன வாரம் முடிவு செய்தாள்: ஒப்புக்கொண்ட நூலக நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டு, குழலைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, பரண் மேல் ஏற்றிவிடுவது.

நூலகத்தின் மாடியில் ஒரு நீண்ட அறை. புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். தரையெல்லாம் கம்பளம். வாசலில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிய பலகை. அதற்குக் கீழேயே இவர்களுடைய நிகழ்ச்சி அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். ஒட்டின கைக்கு வளையல் போட வேண்டும்.

மூவரும் மேடை போட்டார்கள். மேடை என்றால் கம்பளத்தின் மேல் இன்னொரு கம்பளம். பல் டாக்டர் டிரம்ஸை முடுக்கினார். ஒயர் அண்ணன் அறையின் சத்தத்தைப் பிடிக்க நடுவில் ஒரு மைக்கை நட்டு, அவளுடைய குழலில் இருந்த டப்பாவைச் சரிபார்த்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். குழலின் வாயில் கவ்வியிருக்கிற குட்டி மைக்கின் சத்தத்தை ஒயர் இல்லாமல் மெஷினுக்கு அனுப்புவது அதுதான். பழையது செத்துப்போய் இதை அவரே செய்து மாட்டியிருந்தார். இதன் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஸ்பீக்கரில் குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் நாள் அப்படி வெடித்ததில் பல் டாக்டர் ஸ்டூலோடு கவிழ்ந்தார். அன்றே ஒயர் அண்ணன் சுவிட்சின் மேல் கருப்பு டேப் சுற்றிவிட்டார். ராப்பகலாக எரிந்துகொண்டே இருக்கட்டும், படுக்கப் போகும்போது சார்ஜில் போட்டுவிடு என்று உத்தரவு. அவளும் சொன்ன சொல் தட்டாமல், தினமும் குழலைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, டப்பாவைக் கழற்றாமல் சார்ஜில் போட்டு வந்தாள்.

டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு அவர் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நிஜத்தைச் சொல்லும்மா. என் மெஷின் உனக்குப் பிடிக்கல, அதானே?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லண்ணே.”

“மூணு மாசமா நீ என்னை உள்ளயே விடல. நான் மூடன் இல்ல, எனக்குப் புரியுது. நீ எதுக்கு நிக்கணும்? நான் நின்னுக்கிறேன். நீயும் டாக்டரும் வாசிங்க. எனக்கென்ன, வீட்ல காய் நறுக்க வேண்டியது நிறைய இருக்கு.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் கை டேப்பைத் தேவையில்லாமல் நீவிக்கொண்டே இருந்தது. அவளுக்கு, காது போய்விட்டதண்ணே என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து நூலகர் அம்மா வந்து நின்றார்.

“ஆரம்பிக்கலாமா? சத்தம் ரொம்ப இருக்குமா? கீழ படிக்கிறவங்க இருக்காங்க.”

“அமைதியாத்தான் இருக்கும்மா” என்றார் பல் டாக்டர், இரண்டு கையிலும் குச்சியை வைத்துக்கொண்டு.

நாற்காலிகள் ஏறக்குறைய நிரம்பியிருந்தன. பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் நல்ல கூட்டம். கடைசி வரிசையில் அவள் கணவர், அச்சு மை போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு, முன்னால் இருப்பவரின் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார். எதுவும் புரிந்ததாகச் சொன்னதில்லை.

ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் டிரம்ஸின் பித்தளைத் தட்டை உரசினார். அவள் வழக்கம்போல் பாய்ந்தாள். ஓட்டம் ஓட்டமாக ஊதினாள். பக்கத்தில் ஒயர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்றுகூட, கடைசி நாளில்கூட, அவர் அப்படி நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. எதற்கு இந்த ஓட்டம்? நாளை முதல் பரண் மேல் போகிற குழல். ஓடி ஒளிந்து என்ன மிச்சப்படுத்தப் போகிறோம்? வருகிறதா, வரட்டும். கடைசியாக ஒரு தடவை அந்தச் சனியனை நேருக்கு நேர் கேட்டுவிட்டால்தான் என்ன?

வாயிலிருந்து குழலை எடுத்தாள். நிறுத்தினாள்.

பல் டாக்டர் தட்டைக் கையால் பிடித்து அடக்கினார். அறை அடங்கியது. விசில் வந்தது. அதே உயரம், அதே ஊசி முனை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். முழுதாக, மரியாதையாக, ஒரு வாத்தியக்காரரைக் கேட்பதுபோல் கேட்டாள். சீராகப் போயிற்று, விக்கியது, மறுபடி போயிற்று.

மூன்று மாதமாக இடம் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்த ஒயர் அண்ணன் இந்த அமைதியை விடுவாரா? கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிடிப்பதற்கு எந்தச் சத்தமும் இல்லையென்றால் அவர் அறையைப் பிடிப்பார். அது அவருடைய பழைய பழக்கம். நடு மைக்கை முழுசாகத் திறந்தார். அதில் எது விழுகிறதோ அதை நாலு ஸ்தாயி கீழே இறக்கி ஸ்பீக்கரில் விட்டார்.

ஸ்பீக்கரில் ஒரு சுரம் வந்தது. மெலிசாக, நீளமாக, யாரோ தூரத்தில் நின்று வாய்க்குள் முனகுவதுபோல. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் ஏதோ செய்கிறார் என்று நினைத்தாள். அப்போது அந்தச் சுரம் விக்கியது.

அவள் தலைக்குள் விசில் விக்கிய அதே நொடியில்.

கண்ணைத் திறந்தாள். தற்செயல் என்றுதான் முதலில் தோன்றியது. காத்திருந்தாள். விசில் விக்கியது; ஸ்பீக்கரும் விக்கியது. இன்னொரு தடவை. மேலே அவள் விசில், கீழே அதே விசில், இரண்டும் ஒன்றாகவே தடுக்கி ஒன்றாகவே எழுந்தன. தலைக்குள் இருப்பது எப்படி ஸ்பீக்கரில் வரும்? காதோடு புத்தியும் போய்விட்டதா?

குழலைத் தாங்கியில் நிறுத்திவிட்டு இரண்டு அடி நகர்ந்தாள். தலைக்குள் விசில் குறைந்த மாதிரி இருந்தது. இன்னும் நகர்ந்து அலமாரியை ஒட்டி நின்றாள். நன்றாகவே குறைந்தது. ஸ்பீக்கரில் குறையவில்லை. திரும்பி வந்து குழலைத் தூக்கி, நடு மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்பீக்கர் அலறியது. விலக்கினாள், முனகியது. மறுபடி கிட்டே, மறுபடி தள்ளி. ஒரு பெண்மணி கச்சேரி நடுவில் குழலைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மைக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். சபையில் ஒருவர்கூட இதை விசித்திரமாக நினைக்கவில்லை. முன் வரிசையில் தாடி வைத்த ஒருவர் எல்லாம் புரிந்தவர்போல் ஆழமாகத் தலையாட்டினார். ஃப்ரீ ஜாஸில் இது ஒரு சௌகரியம்.

அவள் குழலைத் தலைகீழாகப் பிடித்து, அந்த டப்பாவைத் தன் காதோடு வைத்தாள்.

விசில் அங்கே இருந்தது. தலைக்குள் இல்லை. காதுக்கு வெளியே, அந்தச் சோப்பு டப்பாவுக்குள், ஒரு கொசு மாதிரி உட்கார்ந்துகொண்டு அடித்துக்கொண்டிருந்தது.

நகத்தால் டேப்பைக் கிழித்தாள். “அம்மா, தொடாதே!” என்று ஒயர் அண்ணன் வாய் அசைந்தது. பல் டாக்டர் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் சுவிட்சைத் தள்ளினாள்.

ஸ்பீக்கர் வெடித்தது. கீழ்த்தளத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சபை துள்ளி அடங்கியது.

அப்புறம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. ஏசி மெதுவாக மூச்சு விட்டது. யாரோ செருப்பைக் கம்பளத்தில் தேய்த்தார்கள். எங்கோ ஒருவர் பக்கம் புரட்டினார்; அந்தத் தாள் நுனி மடங்கி நிமிர்ந்ததுகூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவள் நின்றபடியே அழுதாள். உதட்டைக் கடித்தும் நிற்கவில்லை. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டாள். இரண்டு கன்னமும் நனைய, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, குழலை வாயில் வைத்து அடி சுரத்தில் ஒன்றே ஒன்று ஊதினாள். அது தரையில் ஓடி, அலமாரிகளில் பட்டு, முழுசாக அடங்கும்வரை காத்திருந்தாள்.

அந்த இடைவெளியில் ஒயர் அண்ணன் உள்ளே வந்தார். டப்பா அணைந்திருந்ததால் நடு மைக் ஒன்றுதான் அவருக்குத் துணை. அவள் ஊதிய சுரத்தின் வாலைப் பிடித்து நீட்டினார். டாக்டர் விரல் நுனியால் டிரம்ஸைத் தட்டினார். அதற்கப்புறம் மூன்று பேரும் என்ன வாசித்தார்கள் என்று மூன்று பேருக்கும் சொல்லத் தெரியாது. ஒருவர் பேச மற்றவர் கேட்டார்கள், அவ்வளவுதான். முடிந்தபோது கைதட்டல் வர நேரமாயிற்று. முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் ஒயர் அண்ணனை மடக்கினாள். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, டப்பாவைக் குழலிலிருந்து கழற்றி, சுவிட்சை மறுபடி போட்டு அவர் காதருகே நீட்டினாள்.

“கேக்குதா?”

“என்னது?”

“விசில்ணே. விசில் அடிக்குது பாருங்க.”

அவர் வலது காதில் வைத்தார், இடது காதில் வைத்தார், குலுக்கி வைத்தார். “ஒண்ணும் கேக்கலயேம்மா.”

பல் டாக்டர் வாங்கி வைத்துப் பார்த்தார். அவருக்கும் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து வந்து சேர்ந்த கணவரிடம் நீட்டினாள். அவர் போன் என்று நினைத்து “ஹலோ” என்றார்.

அவள் டப்பாவைத் திரும்ப வாங்கித் தன் காதில் வைத்தாள்; விசில் இருந்தது. மறுபடி நமக்கு மட்டும்தானா? ஒயர் அண்ணன் டப்பாவை மைக் முன்னால் வைத்து, லேப்டாப் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையின் உச்சியில், மற்ற சத்தங்கள் எதுவும் எட்டாத உயரத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. நடுநடுவே அறுந்து அறுந்து போயிற்று. டப்பாவை அணைத்தார், கோடு போயிற்று. போட்டார், வந்தது.

“அட கடவுளே” என்றார் ஒயர் அண்ணன். “உள்ள இருக்கிற கம்பிச் சுருள் ஊளையிடுது. இவ்வளவு உசரத்துல அடிச்சா என் வயசுக்குக் கேக்காது. டாக்டருக்கு அந்தப் பல்லு குடையற மெஷின் காதைத் தின்னிருக்கும். ஐயாவுக்கு அச்சு மெஷின்.” அவளை நிமிர்ந்து பார்த்தார். “உனக்குக் கேக்குதா, இது?”

“மூணு மாசமா கேக்குதுண்ணே! என் காது போச்சுன்னு நினைச்சேன். அதான் நின்னுக்கிறேன்னு சொன்னேன். பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

கொட்டிவிட்டாள். ரேடியோ, கிளினிக் வாசல், மூச்சு முட்ட ஊதினது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பல் டாக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“அப்ப உங்க நாத்தனார்?”

“இவருக்கு அக்கா தங்கச்சியே கிடையாது டாக்டர்.”

அவர் சிரித்த சிரிப்பில் நூலகர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கணவர் சிரிக்கவில்லை. மை படிந்த விரலால் நாற்காலி முதுகைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

“நான் வேற மாதிரி நினைச்சிட்டேன்” என்றார். “நான் வாயைத் திறந்தாலே நீ ரேடியோவைக் கூட்டிடுவே. என் பேச்சே உனக்கு ஆகல போலிருக்கு, சரி, வாயை மூடிக்கிட்டு இருப்போம்னு இருந்துட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. விசில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. சத்தம் கேட்காமலே இந்த மனுஷர்களும் அதைத்தானே மூன்று மாதம் அனுபவித்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பேச்சு போயிற்று, ஒருவருக்கு வாத்தியம் போயிற்று. எல்லாருக்கும் முன்னால் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகு கூச்சம் வந்தது, விடவில்லை.

“வீட்டுக்குப் போயி மூணு மாசப் பேச்சையும் பேசுங்க. நான் கேக்கறேன்” என்றாள்.

“அவ்வளவு விஷயம் இல்லையே என்கிட்ட” என்றார் அவர் கவலையாக.

டாக்டர் டப்பாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். “சுரம் நல்லாத்தான்கா இருந்துது, கீழ இறக்கினப்ப. இதையும் ஒரு வாத்தியமா வெச்சுக்கலாமே.”

“தாராளமா. உங்க கட்டில் பக்கத்துலயே வெச்சுக்குங்க டாக்டர். உங்களுக்குத்தான் கேக்காதே.”

ஒயர் அண்ணன் மட்டும் இந்தக் கலகலப்பில் சேரவில்லை. சுருட்ட எடுத்த ஒயர் கையிலேயே இருந்தது. திரையின் உச்சியில் அந்தக் கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னை இந்தப் பாடு படுத்தினது என் டப்பா. அது ஒரு பக்கம்” என்றார். “காது போனது உனக்கு இல்லம்மா, எனக்கு. மூணு மாசத்துக்கு முன்னால நானே செஞ்சு, நானே மாட்டி, நானே காதுல வெச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு குடுத்தேன். அவ்வளவு சத்தம் போட்டிருக்கு, தெரியல. இன்னும் மேல என்னென்ன இருக்கோ, எனக்குத் தெரியாமலே போயிட்டிருக்கோ.”

அவர் குரலில் இருந்தது என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவள். கிட்டே போய் அவர் கையிலிருந்த ஒயரின் மறு முனையைப் பிடித்தாள்.

“மேல இருக்கிறதை நான் கேட்டுச் சொல்றேன். நீங்க பிடிச்சு இறக்குங்க. இறக்கினா உங்களுக்கும் கேக்கும், எல்லாருக்கும் கேக்கும். இன்னிக்கு அப்படித்தானே நடந்துது?”

அவர் சுருட்டத் தொடங்கினார். இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினார்.

“அப்ப... இன்னிக்குக் கடைசி இல்லையா?”

“யாரு சொன்னா?”

“நீதான்மா சொன்னே.”

“அவ காது போனவளாச்சேண்ணே. அவ பேச்சை எல்லாம் கேக்காதீங்க.”

ஒயர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வரட்டும் என்று கேட்டார்.